இயற்கைப் பாலிசாக்கரைடும் மருந்தும்: புதிதாகக் கை வைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொத்தவரை விதையிலிருந்து வரும் குவார் கம் என்ற பிசின் பொடியை முதன்முதலில் கரைத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 500 மில்லி தண்ணீர், 5 கிராம் பொடி, ஒரு சதவீதக் கரைசல், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்து மொத்தப் பொடியையும் ஒரேயடியாகக் கொட்டிவிட்டுக் கிளறியை ஓடவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்தும் பீக்கருக்குள் வழவழப்பான உருண்டைகள் மிதந்துகொண்டிருந்தன. ஒன்றை எடுத்துக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே பொடி அப்படியே உலர்ந்து கிடந்தது. அன்றைக்குப் புரிந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் இந்தக் கட்டுரையே: மருந்துத் தயாரிப்பில் இயற்கைப் பாலிசாக்கரைடுகள் பார்க்கும் வேலைகள் பெரும்பாலும், அவை தண்ணீரில் விழுந்ததும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதிலிருந்துதான் வருகின்றன. அதைக் கண்ணால் பார்க்காமல் புத்தகத்தை மட்டும் படித்தால் எதுவும் பிடிபடாது.

பார்மசி படிப்பவர்களுக்கும், ஆய்வகத்தில் இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் எழுதுகிறேன். வீட்டில் மருந்து தயாரித்துச் சாப்பிடுவதற்கான குறிப்பு இல்லை இது.

முதல் படி: சங்கிலியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பாலிசாக்கரைடு என்றால் சர்க்கரை மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தச் சர்க்கரை? எப்படி இணைந்திருக்கிறது? மின்சுமை உண்டா, இல்லையா?

இணைப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஸ்டார்ச்சையும் செல்லுலோஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். இரண்டுமே குளுக்கோஸால் ஆனவை. ஸ்டார்ச்சில் ஆல்பா 1,4 இணைப்பு, அதனால் அமைலோஸ் சங்கிலி சுருள் சுருளாகச் சுற்றிக்கொள்கிறது, நம் உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் நொதியும் அதை வெட்டிவிடுகிறது. அயோடின் சேர்த்தால் நீலம் வருகிறதே, அது அந்தச் சுருளுக்குள் அயோடின் போய் உட்கார்ந்துகொள்வதால்தான். செல்லுலோஸில் பீட்டா 1,4 இணைப்பு. சங்கிலி நேராக நீள்கிறது, பக்கத்துச் சங்கிலிகளோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுக ஒட்டிக்கொள்கிறது, தண்ணீரில் கரையாது, நம் நொதிகளாலும் அதை உடைக்க முடியாது. ஒரே ஒரு இணைப்பு திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். எத்தனை முறை பாடம் எடுத்தாலும் இந்த இடம் எனக்கு அலுத்ததில்லை.

மின்சுமை கணக்கு இன்னும் எளிது. ஆல்ஜினேட், பெக்டின், கேராஜீனன், சாந்தன், ஹையலூரானிக் அமிலம், ஹெப்பாரின் இவற்றுக்கு எதிர்மின்சுமை. கைட்டோசானுக்கு அமிலக் கரைசலில் நேர்மின்சுமை. ஸ்டார்ச், குவார், டெக்ஸ்ட்ரான், புல்லுலன் நடுநிலை. இந்தப் பட்டியலை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள், கடைசிப் பகுதியில் தேவைப்படும்.

இரண்டாம் படி: வேலை எது என்று முடிவு செய்துவிட்டுப் பொருளைத் தேடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தலைகீழாகப் போகிறார்கள். ஏதோ ஒரு பிசின் கையில் கிடைத்தது, அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஆறு மாதம் கழித்து, ஏற்கெனவே இருக்கும் பொருளைவிட எந்த வகையிலும் மேம்படாத ஒரு மாத்திரைதான் மிஞ்சும்.

மாத்திரையை எடுத்துக்கொள்வோம். பொடியை ஒட்டவைக்க ஒரு பைண்டர் வேண்டும், வயிற்றுக்குள் போனதும் உடைந்து சிதற டிஸின்டெக்ரன்ட் வேண்டும். ஸ்டார்ச் இரண்டையும் செய்யும். சூடாக்கிப் பசையாக்கினால் பைண்டர், உலர்பொடியாகக் கலந்தால் டிஸின்டெக்ரன்ட். அதையே வேதிமாற்றம் செய்து சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட் ஆக்கினால் தண்ணீர் பட்டவுடன் பல மடங்கு உப்பும், மாத்திரையில் 2 முதல் 8 சதவீதம் போட்டாலே போதும். நேரடி அழுத்தத்தில் மாத்திரை போட மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ் இருக்கிறது. செல்லுலோஸை அமிலத்தில் நீராற்பகுத்து, ஒழுங்கற்ற பகுதிகளைக் கரைத்து நீக்கிவிட்டுப் படிகப் பகுதியை எடுத்துக்கொள்வது. பொடி அழுத்தத்தில் நசுங்கி ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும்.

சிரப்பில் மருந்துத் துகள் அடியில் தங்காமல் மிதக்க வேண்டுமா? சாந்தன் கம்தான் என் முதல் தேர்வு. சாந்தோமோனாஸ் கேம்பெஸ்ட்ரிஸ் என்ற பாக்டீரியா நொதித்தலில் தருவது. அமெரிக்காவின் பியோரியா ஆய்வுக்கூடத்தில் ஆலீன் ஜீன்ஸ் குழுவினர் கண்டறிந்தது, 1969இல் அங்கே உணவில் சேர்க்க அனுமதி கிடைத்தது. இதன் அழகு என்னவென்றால், பாட்டிலைக் குலுக்கும்போது நீர்த்து ஓடும், வைத்துவிட்டால் மறுபடி தடித்து நின்றுவிடும். மருந்து சரியான அளவில் கரண்டிக்கு வருவது இந்தக் குணத்தால்தான். எண்ணெயும் நீரும் பிரியாமல் இருக்க வேண்டுமென்றால் வேலமரப் பிசின், அதாவது கம் அகேஷியா. 30 சதவீதக் கரைசல்கூட ஊற்றும் பதத்தில் இருக்கும், மற்ற பிசின்களில் இதைக் கனவிலும் பார்க்க முடியாது. ஆவியாகாத நிலையெண்ணெயில் செய்யும் இந்தக் குழம்புக்கு (எமல்ஷன்) எண்ணெய் 4 பங்கு, தண்ணீர் 2 பங்கு, பிசின் 1 பங்கு. உலர்ந்த கல்வத்தில் எண்ணெயும் பிசினும் கலந்து, தண்ணீரை ஒரே தடவையில் ஊற்றி வேகமாக அரைக்க வேண்டும். டக் டக் என்று ஒரு சத்தம் கேட்கும், அதுதான் குழம்பு கூடியதற்கு அறிகுறி.

பெருங்குடல்வரை மருந்தைக் கொண்டுபோக பெக்டினும் குவாரும் உதவும். நம் நொதிகள் இவற்றைத் தொடுவதில்லை, பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள்தான் தின்று உடைக்கின்றன, எனவே மருந்து அங்கேதான் விடுபடும். ஆனால் ஒன்று, வழியிலேயே தண்ணீரில் ஊறிக் கசிந்துவிடாமல் இருக்க இவற்றை வேறு பூச்சோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டியிருக்கும். கண்ணில் விடும் மருந்துக்கு ஜெல்லன்: பாட்டிலில் திரவம், கண்ணீரில் இருக்கும் சோடியம் போன்ற அயனிகள் பட்டதும் மெல்லிய ஜெல். காயக்கட்டுக்கு ஆல்ஜினேட்டும் கைட்டோசானும். ரத்தத்தின் அளவைக் கூட்ட டெக்ஸ்ட்ரான், ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின். இவை இரண்டும் மருந்தாகவே செயல்படுபவை. இசப்கோல் உமியும் அப்படித்தான், அதன் அராபினோசைலான் என்ற பாலிசாக்கரைடு தண்ணீரை இழுத்துப் பெருத்து மலச்சிக்கலுக்கு உதவுகிறது. இதைப் போதிய தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு, அதனால்தான் நிறைய தண்ணீரோடு எடுக்கச் சொல்கிறார்கள்.

மூன்றாம் படி: எங்கிருந்து வந்தது, எந்தத் தரம்

“இயற்கை என்றால் பாதுகாப்பு” என்று யாராவது சொன்னால் ஹெப்பாரின் கதையைச் சொல்லுங்கள். பன்றியின் குடல் சளிப்படலத்திலிருந்து எடுக்கப்படும் இந்த மருந்தில் 2008இல் மிகையாகச் சல்பேட் ஏற்றிய காண்ட்ராய்டின் சல்பேட் கலந்திருந்தது தெரியவந்தது. நோயாளிகளுக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. அப்போது வழக்கத்திலிருந்த சோதனைகளில் அது அகப்படவில்லை, ஏனென்றால் கலப்படப் பொருளும் ஹெப்பாரினைப் போலவே நடித்தது. என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) போன்ற நுட்பங்களில்தான் மாட்டியது, அதன்பிறகு மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் பார்மகோபியா நூல்களின் சோதனைகளே மாற்றப்பட்டன. ஒரு சங்கிலிச் சர்க்கரையை இன்னொரு சங்கிலிச் சர்க்கரையிலிருந்து பிரித்தறிவது அவ்வளவு கடினம்.

ஆகவே வாங்கும்போது மருந்துத் தரமா என்று பாருங்கள், கூடவே வரும் பகுப்பாய்வுச் சான்றிதழை வாசியுங்கள். உலர்த்தும்போது எடை இழப்பு, சாம்பல், பாகுத்தன்மை, நுண்ணுயிர் எண்ணிக்கை, ஈ.கோலி மற்றும் சால்மோனெல்லா இல்லை என்ற வரி, இவை இல்லாத சான்றிதழ் எனக்குப் போதாது. மரத்திலிருந்தும் கடற்பாசியிலிருந்தும் வருவது என்பதால் பருவத்துக்குப் பருவம், இடத்துக்கு இடம் மாறும். ஆல்ஜினேட்டையே பாருங்கள்: 1881இல் எட்வர்ட் ஸ்டான்ஃபோர்ட் பழுப்புக் கடற்பாசியில் கண்டறிந்த பொருள், மானுரானிக், குலுரானிக் என்ற இரண்டு அமிலங்களின் சங்கிலி. குலுரானிக் பங்கு அதிகமானால் ஜெல் விறைப்பாகவும் எளிதில் நொறுங்குவதாகவும் வரும், மானுரானிக் அதிகமானால் மென்மையாக நெளியும். இரண்டு டப்பாவிலும் ஒரே பெயர்தான் இருக்கும். எனவே டப்பாவின் தொகுதி எண்ணை நோட்டில் எழுதாமல் ஒரு சோதனைகூடத் தொடங்காதீர்கள்.

நீங்களே ஒரு விதையிலிருந்தோ இலையிலிருந்தோ வழவழப்புப் பொருளை (மியூசிலேஜ்) எடுப்பதாக இருந்தால் முறை பழையதுதான். தண்ணீரில் ஊறவைத்து, மிதமாகச் சூடாக்கி, மெல்லிய துணியில் பிழிந்து வடிகட்டி, வடிநீரில் மூன்று பங்கு எத்தனால் ஊற்றினால் நார் நாராக வீழ்படிவு திரண்டு வரும். எடுத்து 50 டிகிரிக்குக் கீழே உலர்த்தி, பொடித்துச் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ருத்தீனியம் சிவப்பு சாயத்தில் இளஞ்சிவப்பானால் வழவழப்புப் பொருள் இருக்கிறது, மோலிஷ் சோதனையில் ஊதா வளையம் வந்தால் கார்போஹைட்ரேட் இருக்கிறது, அயோடினில் நீலம் வந்தால் ஸ்டார்ச்சும் கலந்து வந்திருக்கிறது, இன்னும் சுத்தம் செய்ய வேண்டும். இந்தச் சோதனைகள் வகையைத்தான் சொல்லும், “இதுதான் அது” என்று நிரூபிக்காது.

நான்காம் படி: கரைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த இடத்தில் மட்டும் அவசரப்படவே கூடாது. உருண்டை ஏன் கட்டுகிறது? பொடியின் வெளிப்புறம் தண்ணீர் பட்டவுடன் ஊறி ஒரு ஜெல் தோலாகிவிடுகிறது, அதைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போக முடியவில்லை. ஆகவே நோக்கம், ஒவ்வொரு துகளும் தனித்தனியாகத் தண்ணீரில் நனைய வேண்டும். முதலில் பரப்புவது, பிறகு ஊறவிடுவது, இரண்டும் வேறு வேறு வேலைகள் என்று மனதில் பதியவையுங்கள்.

கிளறியை வேகமாக ஓடவிட்டுத் தண்ணீரில் சுழி உண்டாக்குங்கள். சுழியின் ஓரத்தில், நடுவில் இல்லை, பொடியைச் சிறிய சல்லடை வழியாகத் தூவிக்கொண்டே வாருங்கள். தண்ணீர் தடிப்பதற்குள் தூவி முடிக்க வேண்டும், ஆனால் கொட்டவும் கூடாது, இரண்டு மூன்று முறை செய்தால் கைக்கு வேகம் பிடிபட்டுவிடும். இன்னொரு வழி, பொடியைக் கொஞ்சம் கிளிசரினிலோ எத்தனாலிலோ குழைத்துக்கொள்வது, அல்லது செய்முறையில் சர்க்கரை இருந்தால் அந்தச் சர்க்கரையோடு உலர்வாகக் கலந்துகொள்வது. துகள்களுக்கு நடுவே இடைவெளி உண்டாகிவிடுவதால் உருண்டை கட்டாது. பரவிய பிறகு வேகத்தைக் குறைத்து, மூடி, குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு விடுங்கள். முழுக்க ஊறும், நுரையும் அடங்கும்.

எல்லாவற்றுக்கும் ஒரே வெப்பநிலை கிடையாது. குவார் குளிர்ந்த நீரிலேயே ஊறும். அதற்கு உறவுக்காரனான லோகஸ்ட் பீன் கம் 80 டிகிரியளவுக்குச் சூடு கேட்கும். இரண்டுமே கேலக்டோமானன்தான், ஆனால் குவாரில் இரண்டு மானோஸுக்கு ஒரு கேலக்டோஸ் கிளை, மற்றதில் நான்குக்கு ஒன்று. கிளை குறைந்தால் சங்கிலிகள் தங்களுக்குள் ஒட்டிக்கொள்கின்றன, பிரிக்கச் சூடு வேண்டும். அகர் 85 டிகிரிக்கு மேல் உருகும், 40க்குக் கீழே வந்தால்தான் உறையும். கைட்டோசான் வெறும் தண்ணீரில் எத்தனை நாள் கிளறினாலும் கரையாது, ஒரு சதவீத அசிட்டிக் அமிலம் வேண்டும், பிஹெச் 6.5 அளவைத் தாண்டினால் மறுபடி வீழ்படிந்துவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் கைட்டோசான் டப்பாவையே பழுது என்று திருப்பி அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முகக்கவசம் அணியுங்கள். குவார், இசப்கோல் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தவர்களுக்குத் தொழில்சார்ந்த ஆஸ்துமா வந்தது பதிவாகியிருக்கிறது.

ஐந்தாம் படி: ஆல்ஜினேட் மணிகள் செய்து பாருங்கள்

முதல் செய்முறையாக எல்லோருக்கும் இதைத்தான் தருவேன். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், அறை வெப்பநிலையில் நடக்கும், பாலிசாக்கரைடின் குணம் கண்முன்னே தெரியும்.

சோடியம் ஆல்ஜினேட் 2 கிராமை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் மேலே சொன்னபடி கரைத்து ஓர் இரவு வையுங்கள். குழாய்நீர் வேண்டாம், அதிலிருக்கும் கால்சியமே ஜெல்லைத் தொடங்கிவிடும். இன்னொரு பீக்கரில் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 1.47 கிராமை 100 மில்லியில் கரையுங்கள், அது 0.1 மோலார். ஆல்ஜினேட் கரைசலைச் சிரிஞ்சில் எடுத்து, ஊசி வழியாக, மெதுவாகக் கிளறிக்கொண்டிருக்கும் கால்சியம் கரைசலுக்குள் சொட்டுச் சொட்டாக விடுங்கள். விழுந்த நொடியே மணியாகிவிடும். குலுரானிக் பகுதிகள் இரண்டு சங்கிலிகளில் எதிரெதிரே மடிந்து நிற்க, நடுவிலிருக்கும் குழிகளில் கால்சியம் அயனிகள் முட்டை அட்டையில் முட்டைபோல உட்கார்ந்துகொள்கின்றன, அந்த அமைப்புக்கு முட்டைப்பெட்டி மாதிரி என்றே பெயர். 15 முதல் 30 நிமிடம் ஊறவிட்டு வடிகட்டிக் கழுவுங்கள்.

மணி வால் முளைத்து வந்தால் கரைசல் ரொம்பத் தடிப்பு, சதவீதத்தைக் குறையுங்கள். தட்டையாக வந்தால் நீர்த்துப் போயிருக்கிறது, அல்லது உயரத்திலிருந்து விடுகிறீர்கள். உள்ளே வெள்ளைக் குமிழி தெரிந்தால் காற்றுப் போகவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டியது.

சரி, இப்போது டார்ட்ரசின் மாதிரி நீரில் கரையும் ஒரு மஞ்சள் சாயத்தைக் கலந்து இன்னொரு முறை செய்யுங்கள். சிறிது நேரத்தில் கால்சியம் கரைசலே மஞ்சளாகிவிடும். ஜெல்லின் துளைகள் சிறிய மூலக்கூறுகளைப் பிடித்து வைக்காது, நீரில் எளிதில் கரையும் மருந்தும் இப்படித்தான் மணி உருவாகும்போதே வெளியே போய்விடும். ஆல்ஜினேட் மணிகளில் மருந்து அடைப்புத் திறன் குறைவாக வருகிறதே என்று தவிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கழிவுநீரைத்தான். கரையாத மருந்தோ, பெரிய புரதமோ, உயிருள்ள செல்லோ என்றால் நன்றாகத் தங்கும்.

பிறகு சில மணிகளை 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும், சிலவற்றைப் பிஹெச் 7.4 பாஸ்பேட் பஃபரிலும் போடுங்கள். அமிலத்தில் சுருங்கி நிற்கும். பஃபரில் உப்பி, மெல்லக் கரையும், பாஸ்பேட் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. வயிற்றைத் தாண்டிக் குடலில் மருந்தை விடும் யோசனை எங்கிருந்து பிறந்தது என்று யாரும் விளக்காமலே தெரிந்துவிடும். உள்ளே எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அளக்கவும் இதையே செய்யலாம்: மணிகளைச் சோடியம் சிட்ரேட்டிலோ இந்தப் பஃபரிலோ கரைத்து, வடிகட்டி, நிறமாலைமானியில் அளந்து, போட்ட மருந்தோடு ஒப்பிடுங்கள்.

ஆறாம் படி: அளந்து எழுதுங்கள்

பொடி தண்ணீரில் எவ்வளவு உப்புகிறது என்று சொல்லும் உப்புதல் குறியீட்டுக்கு 1 கிராம் பொடியை 25 மில்லி அளவு உருளையில் போட்டு, 1 மில்லி எத்தனாலில் நனைத்து, தண்ணீரை 25 மில்லி ஊற்றுங்கள். முதல் ஒரு மணி நேரம் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை குலுக்கி, பிறகு மூன்று மணி நேரம் விட்டு, பிசின் பிடித்திருக்கும் கன அளவைப் படியுங்கள். மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள்.

மாத்திரை போட்டால் வழக்கமான சோதனைகள்தான். தேய்மானச் சோதனையில் 100 சுற்றுக்கு எடை இழப்பு ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, பூச்சு இல்லாத சாதாரண மாத்திரை 37 டிகிரி நீரில் 15 நிமிடத்துக்குள் உடைய வேண்டும். பிசின் பைண்டரில் அடிக்கடி வரும் தொல்லை, மாத்திரை அழகாகக் கெட்டியாக வரும், ஆனால் உடையவே உடையாது. தண்ணீர் பட்டதும் வெளியே ஜெல் தோல், உள்ளே உலர்பொடி, அன்றைய என் குவார் உருண்டையேதான். பைண்டரைக் குறைத்துப் பாருங்கள். குறைத்தும் உடையவில்லை என்றால் அந்தப் பிசினை மெதுவாக மருந்து விடும் மாத்திரைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குத்தான் அது பொருந்தும்.

எதோடு எதைச் சேர்க்கக் கூடாது

முதல் பக்கத்தில் எழுதிய மின்சுமைப் பட்டியலை இப்போது எடுங்கள். கைட்டோசானையும் ஆல்ஜினேட்டையும் ஒரே பீக்கரில் ஊற்றினால் உடனே திரிந்துபோகும். தெரிந்தே செய்தால் அது நல்ல பூச்சு, தெரியாமல் செய்தால் பாழ். நேர்மின்சுமை உள்ள மருந்துகளை எதிர்மின்சுமைப் பிசின் பிடித்துக்கொள்ளலாம், மருந்து விடுபடும் வேகமே மாறிவிடும். குவாரில் போரேட் பட்டால் குறுக்குப்பிணைப்பு உண்டாகிக் கெட்டியாகும். காப்பா கேராஜீனன் பொட்டாசியம் பட்டால் உறையும், லாம்டா வகை எதைப் போட்டாலும் ஜெல் ஆகாது. சாந்தனும் லோகஸ்ட் பீனும் தனித்தனியே ஜெல் தராது, சேர்த்துச் சூடாக்கி ஆறவிட்டால் உறுதியான ஜெல் வரும். அகேஷியாவில் ஆக்சிஜனேற்ற நொதி ஒன்று இருக்கிறது, மார்ஃபின் போன்ற எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் மருந்துகளைக் கெடுத்துவிடும், கரைசலைக் கொஞ்ச நேரம் 100 டிகிரியில் சூடாக்கினால் நொதி செயலிழக்கும்.

கடைசியாக, கரைத்து வைத்த பிசின் நுண்ணுயிர்களுக்கு நல்ல சாப்பாடு. பதப்பொருள் சேர்க்காத கரைசலை இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள். சோடியம் பென்சோயேட் சேர்ப்பதாக இருந்தால் அது அமிலத்தன்மையில்தான் சரியாக வேலை செய்யும், பிஹெச் பாருங்கள். ஆட்டோகிளேவில் வைத்தால் ஆல்ஜினேட் சங்கிலி அறுந்து கரைசல் நீர்த்துவிடும், அதனால் கிருமிநீக்கத்துக்கு முன்பும் பின்பும் பாகுத்தன்மையை அளந்து இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்துக் கரைசல் தண்ணீராக ஓடினால் உங்கள் கணக்கில் தவறு தேட வேண்டாம். முதலில் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பாருங்கள்.